பழைய பாய்லர் வாங்கப் போகிறீர்களா?

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மளிகை வியாபாரம் செய்யும் குடும்பங்கள் பல இன்று கடையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு மகன் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்பும் கேன்டீன் கான்ட்ராக்ட் எடுக்கிறார். இன்னொருவர் திருமண மண்டபம் கட்டுகிறார். வேறொருவர் டிபன் ஹோட்டல் திறக்கிறார். அரிசி மண்டிக்காரர் செங்குன்றம் பக்கம் நெல் அவிக்கும் ஆலையில் பங்கு சேருகிறார். இந்தத் தொழில்கள் அனைத்துக்கும் பொதுவாக வேண்டியது நீராவி. நீராவிக்கு வேண்டியது பாய்லர்.

புதிய பாய்லரின் விலையைக் கேட்டவுடன், "பழையது ஒன்று கிடைக்குமா?" என்று நினைப்பது வியாபாரிக்கு இயல்பு. அதில் தவறொன்றுமில்லை. ஒழுங்காகப் பராமரித்த பாய்லர் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பழைய தராசு, பழைய அரவை மெஷின், பழைய ஃபிரீசர் வாங்குவது வேறு, பழைய பாய்லர் வாங்குவது வேறு. தராசு கெட்டிருந்தால் பணம் போகும். ஃபிரீசர் கெட்டிருந்தால் சரக்கு போகும். பாய்லர் கெட்டிருந்தால் அதன் பக்கத்தில் நிற்கும் ஆளே போய்விடுவார். ஆகவே வாங்கும் முன் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை நம் உறுப்பினர்களுக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறோம்.

எது பாய்லர்?

டீக்கடையில் பித்தளையில் பளபளவென்று நிற்பதையும் நாம் பாய்லர் என்றுதான் சொல்கிறோம். அது வெந்நீர்ப் பாத்திரம். அதன் ஆவி தடையின்றி வெளியே போய்விடுவதால் உள்ளே அழுத்தம் சேர்வதில்லை. நாம் இங்கே பேசுவது மூடிய பாத்திரத்தில், அழுத்தத்தோடு நீராவி உண்டாக்கும் பாய்லரைப் பற்றியாகும்.

சட்டம் இதற்கு ஓர் எல்லை வைத்துள்ளது. தண்ணீர் பிடிக்கும் அளவு 25 லிட்டருக்கு மேல் இருந்து, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் அது சட்டத்துக்கு உட்பட்ட பாய்லர். அதைப் பதிவு செய்து, அரசின் பாய்லர் துறையிடம் சான்றிதழ் பெற்ற பிறகே ஓட்ட வேண்டும். 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1864இல் வங்காளத்தில் பாய்லர் பரிசோதனைச் சட்டம் வந்தது. பிறகு நாடு முழுமைக்குமாக 1923இல் இந்திய பாய்லர் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2025இல் புதிய பாய்லர் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டத்தின் பெயரும் ஆண்டும் மாறினாலும், பதிவும் சான்றிதழும் இல்லாமல் ஓட்டக் கூடாது என்ற அடிப்படை மாறவில்லை.

விற்பவர்களில் சிலர், "இது நான்-ஐ.பி.ஆர். சார், சட்டமெல்லாம் கிடையாது" என்று சொல்வார்கள். ஐ.பி.ஆர். என்பது 1950ஆம் ஆண்டு இந்திய பாய்லர் ஒழுங்குமுறை விதிகள். 25 லிட்டருக்கு உட்பட்ட சிறிய சுருள் குழாய் பாய்லர்கள் பலவற்றுக்கு அந்த விதி இல்லை என்பது உண்மையே. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது விற்பவரின் வாய் அல்ல, பாத்திரம் பிடிக்கும் தண்ணீர். இந்த அளவைத் தண்ணீர் உள்ளே போகும் வால்விலிருந்து நீராவி வெளியே வரும் முக்கிய வால்வு வரை கணக்கிடுவார்கள். அந்தப் பகுதியை முழுக்கக் காலி செய்துவிட்டு, நம் கடையிலுள்ள 15 கிலோ எண்ணெய் டின்னை நன்றாகக் கழுவி அதனால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அந்த டின்னில் சுமார் பதினாறரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஒன்றரை டின்னுக்கு மேல் தண்ணீர் போனால் 25 லிட்டரைத் தாண்டியாயிற்று. அப்புறம் "நான்-ஐ.பி.ஆர்." என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீராவியின் பலம்

சமையலறையில் உள்ள பிரஷர் குக்கர் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதில் தண்ணீரின் சூடு சுமார் 120 டிகிரி. சிறு தொழில்களில் ஓடும் பாய்லர்கள் பல 7 கிலோ வரை அழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டவை. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு ஏறக்குறைய 170 டிகிரி.

7 கிலோ என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 7 கிலோ. உள்ளங்கை அகலம், அதாவது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தகட்டின் மேல் 700 கிலோ பாரம் தள்ளிக்கொண்டிருக்கிறது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இருபத்தெட்டை உள்ளங்கை அகலத்தில் அடுக்கியது போல. பாய்லரின் உடம்பு முழுவதும் இப்படித்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியாகி வெளிக்காற்றில் விரிந்தால் சுமார் 1,600 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். 170 டிகிரியில் அடைபட்டுக் கிடக்கும் தண்ணீர், தகடு கிழிந்த கணத்தில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகப் பாய்கிறது. பாய்லர் வெடித்தால் சுவரே பெயர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் ஒவ்வொரு சோதனையும் எதற்காக என்பது விளங்கும்.

முதலில் காகிதம்

நெல் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. பாய்லருக்குக் குத்தூசி அதன் காகிதங்கள்தான். இடத்துக்குப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே விற்பவரிடம் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. பாய்லரின் பதிவு எண். இது காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. பாய்லரின் உடம்பிலேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். காகிதத்தில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் மூடியிருந்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. தயாரித்த கம்பெனியின் சான்றிதழ்களும் வரைபடமும். எந்த ஆண்டு செய்தது, எந்தத் தகடு, எவ்வளவு கனம், எவ்வளவு அழுத்தத்துக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும்.

3. கடைசியாகப் பெற்ற சான்றிதழ். இது அதிகபட்சம் 12 மாதங்களுக்குத்தான் செல்லும். அதில் அனுமதித்த அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 7 கிலோவுக்குச் செய்த பாய்லருக்கு ஆய்வாளர் பிற்பாடு 5 கிலோ மட்டுமே அனுமதித்திருந்தால், நீங்கள் வாங்குவது 5 கிலோ பாய்லர்.

4. பழைய ஆய்வுக் குறிப்புகள். எந்த ஆண்டு டியூப் மாற்றினார்கள், எங்கே வெல்டிங் செய்தார்கள், அதற்கு அனுமதி பெற்றார்களா என்பது அதில் தெரியும். நடுவில் மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் குறிப்பே இல்லையென்றால், அந்த ஆண்டுகளில் பாய்லர் சும்மா கிடந்ததா, சான்றிதழ் இல்லாமல் ஓடியதா என்று கேளுங்கள்.

சான்றிதழ் காலம் முடியாமல் இருக்கும்போது பாய்லர் கை மாறினால், அதை வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டியது விற்பவரின் கடமை. "ஆடிட்டரிடம் இருக்கிறது, பிறகு தருகிறேன்" என்றால் பணத்தையும் பிறகு தருவதாகச் சொல்லுங்கள்.

பலரும் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் பொருத்திய பாய்லரைப் பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனால், சான்றிதழில் மாதங்கள் மீதி இருந்தாலும் அது பொதுவாகச் செல்லாமல் போய்விடும். சிறிய செங்குத்து பாய்லர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. பாய்லரின் கட்டமைப்பை மாற்றினாலும், விபத்து நேர்ந்தாலும் இதே கதிதான். ஆந்திர எல்லையிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று கொண்டுவருவோர், மாநிலம் மாறியதை முறைப்படி தெரிவித்துப் பதிவுகளை மாற்றிக்கொள்ளாமல் ஓட்ட முடியாது. எனவே, "சான்றிதழ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது" என்று விற்பவர் சொல்வதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

மாதிரி ரயில் வாங்குவோரின் வழக்கம்

காகிதத்தை ஏன் முதலில் வைத்தோம் என்பதற்கு ரயிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறோம். நீராவி ரயில் என்ஜின் என்பது சக்கரத்தின் மேல் ஏற்றிய பாய்லர்தான். நீராவி என்ஜின் நம் பகுதிக்குப் புதியதும் அல்ல. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், நம் அம்பத்தூர், ஆவடி வழிப் பாதையில்தான் சென்றது. 1855இல் செய்யப்பட்டு, நூறாண்டுக்கும் மேலாகக் காட்சிப் பொருளாக நின்றுவிட்ட ஈ.ஐ.ஆர். 21 என்ற என்ஜினை 2010இல் மீண்டும் ஓட வைத்ததும் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்தான். 2002இல் திறக்கப்பட்ட ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள், அங்கே நிற்கும் நீராவி என்ஜின்களில் பாய்லர் எது, புகைக் குழாய் எது என்று நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் இந்த என்ஜின்களைச் சிறிய அளவில், உண்மையாகவே கரி போட்டு நீராவியில் ஓடும்படி செய்து, ஓய்வு நேரத்தில் ஓட்டி மகிழும் பழக்கம் உண்டு. இரண்டு ஆள் தூக்கக்கூடிய மாதிரி என்ஜினும் பின்னால் நாலைந்து பேரை இழுத்துக்கொண்டு போகும். இவற்றைப் பழையதாக விற்பதும் வாங்குவதும் அங்கே நிறைய நடக்கிறது. அனுபவப்பட்டவர்கள் அங்கே முதலில் கேட்பது, "பாய்லர் சர்டிபிகேட் இருக்கிறதா?" என்பதுதான். சான்றிதழ் இல்லாத என்ஜினைக் கிளப்புகளின் பாதையில் ஓட விடுவதில்லை. புதிய பாய்லரை வேலை அழுத்தத்தைப் போல இரு மடங்குக்கும், பிற்பாடு நடக்கும் சோதனைகளில் ஒன்றரை மடங்குக்கும் தண்ணீரால் சோதிக்கிறார்கள். சக்கரம், பிஸ்டன் தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறையில் சரிசெய்துவிடலாம். பாய்லர் போயிருந்தால் என்ஜின் விலையில் பெரும்பங்கு போயிற்று என்பது அவர்கள் கணக்கு.

சில லிட்டர் தண்ணீர் பிடிக்கும் விளையாட்டு என்ஜினுக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், பத்துப் பேர் வேலை செய்யும் சமையற்கூடத்தில் நிற்கப்போகும் பாய்லருக்கு எவ்வளவு வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்கும் அதே வரிசைதான் நமக்கும்: காகிதம், உடம்பு, காவல் உறுப்புகள், தண்ணீர்ச் சோதனை, நீராவிச் சோதனை, கடைசியாக விலை.

உடம்பைப் பார்ப்பது

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தெரிந்த பாய்லர் ஃபிட்டர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவர் கொண்டுவரும் ஃபிட்டர் வேண்டாம். பாய்லர் ஆறிப்போய், தண்ணீர் வடிக்கப்பட்டு, அடுப்புச் சாம்பல் அள்ளப்பட்டிருக்க வேண்டும்.

புத்தம் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். டியூப்கள் தகட்டில் சேரும் இடத்தில் வெள்ளைக் கோடோ, துருக்கோடோ கண்ணீர் வடிந்தது போல இருந்தால் அங்கே கசிவு இருந்திருக்கிறது. சில டியூப்களின் இரு வாயும் அடைத்திருந்தால் எத்தனை என்று எண்ணுங்கள். ஓட்டையான டியூபை மாற்றாமல் அடைத்து ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். தகட்டின் மேல் ஒட்டுப்போட்ட வெல்டிங் இருந்தால், அது ஆய்வுக் குறிப்பில் உள்ளதா என்று பாருங்கள். குறிப்பில் இல்லாத வெல்டிங் உள்ள பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

மண்பானையையும் தேங்காயையும் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு அடுத்த சோதனை சுலபமாகப் புரியும். ஃபிட்டர் சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருவேறி மெலிந்த இடமும், உப்புப் படிந்த இடமும் மொத்தென்று ஒலிக்கும். ஐயம் வந்த இடத்தில் அல்ட்ராசானிக் கருவி வைத்துத் தகட்டின் கனத்தை அளக்கலாம். தகட்டைத் துளைக்காமலே கனத்தைச் சொல்லிவிடும் கருவி அது. அளந்த கனத்தை வரைபடத்தில் உள்ள கனத்தோடு ஒப்பிட வேண்டும்.

உள்ளே கைவிடும் துளைகளைத் திறக்கச் சொல்லுங்கள். "பேக்கிங் கெட்டுவிடும்" என்று மறுத்தால், பேக்கிங் செலவை நாம் கொடுத்துவிடலாம். டார்ச் அடித்துப் பார்த்தால் டியூப்களின் மேல் வெள்ளையாக ஓடு கட்டியிருப்பது தெரியும். வீட்டு வாட்டர் ஹீட்டர் கம்பியில் படியும் அதே உப்புதான். நம் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. அதை மென்மையாக்காமல் பாய்லருக்கு விட்டால், ஓடு படிந்து சூடு தண்ணீருக்குப் போகாமல் டியூபிலேயே தங்கிவிடும். விறகு அதிகம் செலவாகும். டியூப் காய்ந்து உப்பிப் பிளந்துபோகும்.

ஓடாமல் கிடந்த பாய்லரை எப்படி வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். ஒன்று, முழுக்கக் காயவைத்து மூடியிருக்க வேண்டும். அல்லது மருந்து கலந்த தண்ணீரை முழுக்க நிரப்பி வைத்திருக்க வேண்டும். பாதித் தண்ணீரோடு இரண்டு மழைக்காலம் கிடந்திருந்தால், தண்ணீர் மட்டம் நின்ற கோட்டில் துரு குழிகுழியாகத் தின்றிருக்கும்.

காவல் உறுப்புகள்

வீட்டுக்குப் பூட்டு எப்படியோ, பாய்லருக்குக் கீழ்க்கண்டவை அப்படி.

சேஃப்டி வால்வு: அனுமதித்த அழுத்தத்தைத் தாண்டினால் தானே திறந்து நீராவியை வெளியேற்றி, அழுத்தம் இறங்கியதும் தானே மூடிக்கொள்ள வேண்டும். அதன் மேல் கூடுதல் எடை தொங்கவிட்டிருந்தாலோ, ஸ்பிரிங்கை மேலும் இறுக்கியிருந்தாலோ, கம்பி கட்டியிருந்தாலோ, அந்த பாய்லரை ஓட்டியவர்களின் குணம் தெரிந்துவிட்டது. இது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

கேஜ் கிளாஸ்: உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய். நீராவி உள்ளபோது கீழ்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் இறங்கி, மூடியவுடன் சட்டென்று ஏற வேண்டும். மெதுவாக ஏறினால் உள்வழி அடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கண்ணாடி தண்ணீர் இல்லாதபோதும் இருப்பதாகப் பொய் சொல்லும்.

பிரஷர் கேஜ்: நீராவி இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அது காட்டும் எந்தக் கணக்கையும் நம்பக் கூடாது. தராசு முள்ளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃபியூசிபிள் பிளக்: தண்ணீர் குறைந்து தகடு காயத் தொடங்கினால், இதன் நடுவில் உள்ள ஈய உலோகம் உருகி, நீராவி அடுப்பில் பாய்ந்து எச்சரிக்கும். எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஈயத்துக்குப் பதில் போல்ட் போட்டு அடைத்தவர்களும் உண்டு.

தண்ணீர் ஏற்றும் பம்ப்: மின்சாரம் நின்றால் என்ன வழி என்று பாருங்கள். அடுப்பில் நெருப்பு இருக்கும், பம்ப் நிற்கும், தண்ணீர் குறைந்துகொண்டே போகும். தண்ணீர் அறவே குறைந்து பாய்லர் காய்ந்துவிட்டால், பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஏற்றக் கூடாது. முதலில் நெருப்பை இழுத்துவிட்டு, பாய்லரைத் தானாக ஆற விட வேண்டும். இதை உங்கள் ஆள் அறிந்திருக்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான்.

தண்ணீர்ச் சோதனையும் நீராவிச் சோதனையும்

எல்லாம் திருப்தியாக இருந்தால், பாய்லர் முழுக்கப் பச்சைத் தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, வேலை அழுத்தத்துக்கும் மேலாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எவ்வளவு ஏற்றுவது என்பதை விவரம் தெரிந்தவர் விதிப்படி முடிவு செய்யட்டும். முள் இறங்காமல் நிற்கிறதா, எங்காவது வியர்க்கிறதா, தகடு உப்புகிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஏன் தண்ணீர்? தண்ணீர் அமுங்குவதில்லை. தகடு விட்டுப்போனாலும் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சி அடித்து அழுத்தம் உடனே போய்விடும். யாருக்கும் ஆபத்தில்லை. "கம்ப்ரஸர் காற்று வைத்துக் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து விலகிவிடுங்கள். காற்று சுருண்ட ஸ்பிரிங் போல. தகடு விட்டால் வெடிக்கும். தண்ணீர்ச் சோதனை நடக்காத பாய்லரில் நீராவி ஏற்றிக் காட்டவும் சம்மதிக்காதீர்கள்.

அதன்பின், சான்றிதழ் செல்லுபடியாகும் பாய்லராக இருந்தால், பழைய இடத்திலேயே ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி அளந்து பாருங்கள். எரித்த விறகை எடை போடுங்கள். ஏற்றிய தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 620 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி இருக்கிறது. அதில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு தண்ணீருக்குப் போனாலே ஒரு கிலோ விறகுக்கு மூன்று கிலோ நீராவி வந்துவிடும்.

அதாவது 150 லிட்டர் தண்ணீருக்கு 50 கிலோ விறகு. உப்பு ஓடு படிந்த பாய்லர் அதே தண்ணீருக்கு 75 கிலோ கேட்கலாம். மணிக்கு 25 கிலோ வித்தியாசம். தினம் 5 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 37,500 கிலோ. கணக்குக்காகக் கிலோ 5 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,87,500 ரூபாய் புகையாகப் போகிறது. பாய்லரை ஒரு முறைதான் வாங்குகிறோம். விறகைத் தினமும் வாங்குகிறோம்.

கடைசியாக விலை

விற்பவர் கேட்கும் விலை பாய்லரின் விலை அல்ல. உங்கள் இடத்தில் நீராவி வரும்வரை ஆகும் செலவுதான் விலை. கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். அவரவர் விசாரித்த தொகையை அதனதன் இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

விற்பவர் கேட்பது: ரூ. 1,60,000
டியூப்கள் மாற்ற: ரூ. 40,000
சேஃப்டி வால்வு, கேஜ் கிளாஸ், பிரஷர் கேஜ்: ரூ. 15,000
கிரேன், லாரி: ரூ. 18,000
மேடை, புகைபோக்கி, பைப்: ரூ. 35,000
தண்ணீரை மென்மையாக்கும் சாதனம்: ரூ. 25,000
ஆய்வு, கட்டணம், ஃபிட்டர் கூலி: ரூ. 12,000
மொத்தம்: ரூ. 3,05,000

ஒன்று அறுபது என்று கேட்டது மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. இந்தத் தொகையைப் புதிய பாய்லரின் விலையோடு ஒப்பிடுங்கள். மேடை, பைப், தண்ணீர் சாதனம் ஆகியவை புதியதுக்கும் வேண்டும் என்பதால் அவற்றை இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் கொஞ்சமென்றால் புதியதே மேல். நல்ல வித்தியாசம் இருந்தால் தைரியமாகப் பழையதை வாங்கலாம். காகிதமே இல்லாத பாய்லருக்கு ஒரே விலைதான் உண்டு. அது காயலான் கடையில் கிலோவுக்கு என்ன போகுமோ அந்த விலை.

முன்பணம் கொடுக்கும்போது, "பாய்லர் துறையின் ஆய்வில் தேறி, இன்ன அழுத்தத்துக்குச் சான்றிதழ் கிடைத்தால்தான் மீதித் தொகை, தேறாவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாய்லரில் நம்பிக்கை உள்ளவர் இதற்குச் சம்மதிப்பார். சம்மதிக்காதவர் ஏன் தயங்குகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

கடையில் பத்து ரூபாய் சரக்குக்கும் பில் கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மூட்டையைப் பிரிக்காமல் விலை பேசும் பழக்கம் நம்மிடம் இல்லை. பாய்லர் வாங்கும் அன்றைக்கும் அதே வியாபாரியாக இருந்தால் போதும். அதன் அருகே தினமும் நிற்கப் போகிறவர் நம் மாஸ்டர், நம் பையன், நம் வீட்டுப் பிள்ளை. அவர்கள் மாலையில் வீடு திரும்புவதற்கு எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது.